அக்டோபர் லீவில் ஸ்டாஃப் ரூமே ஊருக்குக் கிளம்பினால்...

வெளிநாட்டில் பாடம் நடத்தும் வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் இந்த மாதம் தாய்லாந்துக் கடிதங்களே அதிகம். காரணம் தெரிந்ததுதான். அங்கே அரசுப் பள்ளிகளில் முதல் பருவம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் இரண்டாம் வாரத்தில் முடியும். நவம்பர் முதல் தேதி மறுபடி மணி அடிப்பார்கள். இடையில் கிடைக்கிற நாட்களில் லாவோஸ், வியட்நாம் என்று ஸ்டாஃப் ரூமே மூட்டை கட்டும். தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பகுதிப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், இங்கே வேலைக்குச் சேர்ந்து இது முதல் வருடம். பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள் இருவர், ஒரு பிரிட்டிஷ்காரர், நான் என நாலு பேர் லாவோஸின் லுவாங் பிரபாங் போகிறோம். "பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா, போதும்" என்கிறார்கள். போதுமா?
— கோன் கேன் வாசகர்

பதில்: போதாது தம்பி. முதலில் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்விட்டுத் திரும்பி நுழைவதற்கான சீட்டு. உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்கு நீட்டித்துக் கொடுத்த தங்கும் அனுமதி இருக்கிறதல்லவா? ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அந்தத் தங்கும் அனுமதி அங்கேயே செத்துப்போகும். திரும்பி வரும்போது நீங்கள் சுற்றுலாப் பயணி. பிறகு விசாவையும் பள்ளிக் கடிதங்களையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இதில் இந்தியன், பிரிட்டிஷ்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்ற பேதம் கிடையாது. நாலு பேருமே எடுத்தாக வேண்டும்.

படிவத்தின் பெயர் டி.எம். 8. ஒரு தடவை போய்வர 1,000 பாட், எத்தனை தடவையும் போய்வர 3,800 பாட். அந்த அனுமதிக் காலத்துக்குள் மூன்று பயணம் வரை ஒற்றைப் பெர்மிட்டே லாபம். நாலாவது பயணம் உறுதி என்றால் மற்றதை வாங்குங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் கடைசி நேரத்திலும் இதைக் கொடுக்கிறார்கள். நீங்கள் தரைவழியாகப் போவதால் அதை நம்ப வேண்டாம். உங்கள் மாகாணத்துக் குடிவரவு அலுவலகத்தில் ஒரு வாரம் முன்னதாகவே, போட்டோவும் நகல்களுமாகப் போய் வாங்கிவிடுங்கள். பள்ளி மூடுகிற வாரம் அந்த அலுவலகத்தில் எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் இருப்பார்கள்.

அடுத்தது விசா. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு லாவோஸ் போக விசா வேண்டாம்; அவர்கள் ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாட்டவர். நமக்கு வேண்டும். அவர்கள் வேண்டுமென்றே உங்களிடம் மறைக்கவில்லை. விசா வேண்டாதவர்களுக்கு விசா என்ற நினைப்பே வராது, அவ்வளவுதான். எல்லையிலேயே வாங்கலாம், இல்லையென்றால் இணையத்தில் இ-விசா எடுக்கலாம். இ-விசாவை எல்லாச் சாவடிகளிலும் ஏற்பதில்லை, ஆகவே நீங்கள் நுழையும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எல்லையில் இருக்கும் நோங் காய் பாலத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மேகோங் ஆற்றின் மேல் 1994-இல் ஆஸ்திரேலியப் பணத்தில் கட்டிய நட்புப் பாலம் அது. தாய்லாந்துப் பக்கம் முத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும், நடந்து கடக்க விடமாட்டார்கள். லாவோஸ் பக்கம் இறங்கியதும் உங்கள் தோழிகள் நேராக வரிசைக்குப் போய், முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே நிழலில் நிற்பார்கள். நீங்கள் விசா ஜன்னலுக்குப் போய்ப் படிவம் நிரப்பி, போட்டோ ஒட்டி, டாலரைக் கொடுத்துவிட்டு இன்னொரு ஜன்னல் முன்னால் பெயர் கூப்பிடக் காத்திருப்பீர்கள். டாலர் நோட்டின் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலோ மையால் எதையாவது கிறுக்கியிருந்தாலோ திருப்பித் தள்ளிவிடுவார்கள். புது நோட்டாகக் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் ஒரு சுற்றுலாப் பஸ் வந்து நின்றால் முக்கால் மணி நேரம் போய்விடும். இதை மற்ற மூன்று பேரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். சொல்லாமல் போனால், உங்களுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்ற குற்ற உணர்ச்சியில் படிவத்தில் பிறந்த தேதியைக்கூடத் தப்பாக எழுதுவீர்கள்.

லாவோஸ் தலைநகர் வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்குச் சீனா போட்ட ரயில் இருக்கிறது. 2021 டிசம்பரில் திறந்தார்கள். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போன மலைப்பாதை இப்போது இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. இரண்டு விஷயம் கவனியுங்கள். பாங்காக்கிலிருந்து வரும் ரயில் நிற்கும் கம்சவாத் நிலையமும் இந்தச் சீன ரயில் நிலையமும் வேறு வேறு, ஊரின் வெவ்வேறு ஓரத்தில் இருக்கின்றன. அப்புறம், நிலைய வாசலில் பையைச் சோதிப்பார்கள். கத்தி, ஸ்பிரே டப்பா எதையும் விடமாட்டார்கள். உங்கள் பிரிட்டிஷ் நண்பரின் டியோடரன்ட், கொசு விரட்டும் ஸ்பிரே எல்லாம் அந்தக் கூடைக்குத்தான் போகும். கொசுவுக்குக் களிம்பாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பும்போது ஒரு வேலை. 2025 மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் போலி. சாவடியில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது ரீ-என்ட்ரி பெர்மிட் உள்ள பக்கத்தைத் திறந்து கொடுங்கள். முத்திரை விழுந்ததும் நகர வேண்டாம், தேதியைப் படியுங்கள். உங்கள் பழைய அனுமதி முடியும் தேதிதான் அதில் இருக்க வேண்டும். அவசரத்தில் சுற்றுலாப் பயணிக்கான தேதியைக் குத்திவிடுவது உண்டு. அங்கேயே நின்று சொன்னால் மாற்றித் தருவார்கள். கோன் கேன் வந்து சேர்ந்தபின் பார்த்தால் அலைச்சல்தான்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. ஒரே பெயர்தான். ஹனோய் டிக்கெட்டைத் தோழி ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்துப் போடுகிறாள். சர்நேம் என்ன போட என்று கேட்கிறாள். அப்பா பெயரைக் கொடுக்கலாமா?
— உதோன் தானி வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் பெயர் உள்ள பக்கத்தில் எது இல்லையோ அது டிக்கெட்டிலும் இருக்கக் கூடாது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் சர்நேம் இல்லை என்பதற்கு ஒரு குறியீடு கொடுப்பார்கள். அந்த நிறுவனத்தையே கேட்டுவிட்டுப் போடுங்கள். போகும் விமானம் ஒரு நிறுவனம், வரும் விமானம் இன்னொன்று என்றால் இரண்டையும் கேட்க வேண்டும். தோழியிடம் பெயரைச் சொல்வதோடு விடாமல், பாஸ்போர்ட் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

வியட்நாம் இ-விசா 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் கிடைக்கிறது. 90 நாள் வரை தங்கலாம். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். இந்தப் படிவத்தை மட்டும் நீங்களே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக ஓடும் எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் உங்களை நிறுத்துவது வியட்நாம் அதிகாரி அல்ல, பாங்காக்கிலேயே போர்டிங் பாஸ் கொடுக்கும் பெண்தான்.

பெயரைப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடலாமே என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் ஒப்பந்தத்தின் நடுவில் வேண்டாம். விசா, வேலை அனுமதி, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். அமெரிக்கத் தோழி நீச்சல் குளம் உள்ள ஹோட்டலாகவே தேர்ந்தெடுக்கிறாள். பிலிப்பைன்ஸ் தோழி மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவள், எதைக் கேட்டாலும் "ஓகே ஓகே" என்பாள், அப்புறம் ராத்திரி என்னிடம் அழுவாள். நான் நடுவில். போன லீவிலேயே பேச்சு நின்றுபோகும் அளவுக்கு வந்துவிட்டது. இந்த வருடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடலாமா?
— சியாங் மாய் வாசகி

பதில்: சொல்லலாம், தப்பில்லை. ஆனால் போக ஆசை இருப்பதால்தானே எழுதியிருக்கிறீர்கள்?

உங்கள் மூவருக்கும் சம்பளம் ஒன்றல்ல, அது உங்களுக்கே தெரியும். தாய்லாந்துப் பள்ளிகளில் ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே மணி நேரம், ஆனால் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் என்பது ஊரறிந்த வழக்கம். ஆங்கிலம் தாய்மொழி என்றால் ஒரு தொகை, பிலிப்பைன்ஸ், இந்திய ஆசிரியர்களுக்கு இன்னொரு தொகை. அது அநியாயம். அதை உங்கள் அமெரிக்கத் தோழி உண்டாக்கவில்லை, ஒரு பயணத்தில் நீங்கள் தீர்க்கவும் முடியாது. ஆனால் ஹோட்டல் பார்க்க உட்காரும்போது அந்த வித்தியாசம் மேசைமேல் இருக்கத்தான் செய்கிறது. யாரும் அதைப் பேசாததால்தான் ராத்திரி அழுகை.

ஆசிரியைகள்தானே, ஒரு சின்ன பரீட்சை வையுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரு நாளைக்கு, அறையும் போக்குவரத்தும் சேர்த்து, மனசு வலிக்காமல் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று பெயர் போடாமல் எழுதுங்கள். மூன்றையும் விரித்துப் பாருங்கள். எது மிகக் குறைவோ அதுதான் கூட்டுச் செலவின் அளவு. சராசரி எடுக்காதீர்கள். சராசரி எடுத்தால் கீழே இருப்பவளுக்கு எப்போதும் கட்டுப்படியாகாது. அதற்கு மேல் வேண்டுகிறவர் தன் காசில் தனியறை எடுக்கட்டும், மசாஜ் போகட்டும். காலை உணவுக்கு ஒன்றாகச் சந்தித்தால் போதும். மூன்று பேரும் ஒரே மெத்தையில் படுத்தால்தான் நட்பு என்று யார் சொன்னது?

பிறகு பொதுப் பை. முதல் நாள் மூவரும் ஒரே தொகை போடுங்கள். பஸ், படகு, நுழைவுச் சீட்டு, சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. மது அதில் சேராது, இதைக் கறாராகச் சொல்லுங்கள். பையைப் பிலிப்பைன்ஸ் தோழியிடம் கொடுங்கள். பணத்தை எண்ணி எண்ணி வாழ்கிறவள் கையில் பொதுப் பணம் பத்திரமாக இருக்கும். அதோடு, "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் அவளுக்கு வந்துவிடும், அழ வேண்டியிருக்காது.

வியட்நாம் போனால் பையைப் பிடிப்பவர் நோட்டுகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். இருபதாயிரம் டோங் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் டோங் நோட்டும் நீலம். டாக்சி இருட்டில் ஒன்றுக்கு இன்னொன்றை நீட்டினால் கொடுப்பது இருபத்தைந்து மடங்கு.

இன்னொன்று. உங்கள் மூவரின் ஒப்பந்தமும் எத்தனை மாதச் சம்பளம் என்று பாருங்கள். பன்னிரண்டு மாதம் தருகிற பள்ளியும் உண்டு, பத்து மாதம் மட்டும் தந்து மார்ச், ஏப்ரலைக் கைகழுவுகிற பள்ளியும் உண்டு. பத்து மாதக்காரி அக்டோபரிலேயே ஏப்ரல் வாடகையை நினைத்துக்கொண்டிருப்பாள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வியட்நாமில் ஹா ஜாங் மலைச் சுற்றுக்குப் போகிறோம். நண்பர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பைக் வாடகைக்கு எடுக்கிறார்கள். என்னிடம் இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அது போதும்தானே?
— நகோன் ராட்சசிமா வாசகர்

பதில்: அங்கே செல்லாது. சர்வதேச உரிமம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் அதற்குப் பின்னால் வெவ்வேறு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இந்தியா கொடுப்பது 1949 ஒப்பந்தத்தின் கீழ், வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தின் கீழ் வந்ததை. அமெரிக்கர்கள் கையில் இருப்பதும் 1949 வகைதான். உங்கள் கூட்டத்தில் அமெரிக்கர் இருந்தால் இந்த வாக்கியத்தை மொழிபெயர்த்துக் காட்டுங்கள், ஏனென்றால் "நான் போன தடவை ஓட்டினேனே" என்பார். ஓட்டியிருப்பார். வாடகைக் கடைக்காரர் உரிமத்தைக் கேட்பதில்லை, போலீஸ்தான் கேட்கும். விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உரிமம் செல்லாது என்றால் ஆஸ்பத்திரிச் செலவை அவர்கள் தரப்போவதில்லை.

ஆனால் பயணத்தை விட்டுவிடாதீர்கள், அதுவும் இந்த மாதத்தில். அக்டோபர், நவம்பரில் அங்கே பாறைகளுக்கு நடுவே பக்வீட் என்ற தானியச் செடி பூத்து மலைச்சரிவெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். மா பி லெங் கணவாயில் நின்றால் கீழே, மிகக் கீழே, பச்சையாக ஓர் ஆறு தெரியும். அந்தச் சாலையை 1959 முதல் 1965 வரை மலைவாழ் மக்களும் இளைஞர்களும் பெரும்பாலும் கையாலேயே வெட்டினார்கள். அங்கே கண்ணை ரோட்டில் வைப்பதா, பள்ளத்தில் வைப்பதா என்பதுதான் பிரச்சினை. அதற்கு நல்ல வழி, உள்ளூர்க்காரர் ஓட்டப் பின்னால் உட்கார்ந்து போவது. ஈஸி ரைடர் என்பார்கள். மூன்று நாலு நாளுக்கு ஒரே ஆள், ஒரே வண்டி. நண்பர்கள் கிண்டல் செய்தால் செய்யட்டும். மழை பெய்து மண் வழுக்கும் முதல் வளைவில் அவர்களும் விலை விசாரிப்பார்கள்.

ஹெல்மெட் கொடுப்பார்கள். தலையை ஆட்டிப் பாருங்கள், அது தனியாக ஆடினால் வேறு கேளுங்கள். 2025 ஜூலையில் வியட்நாம் தன் மாகாணங்களை இணைத்தபோது ஹா ஜாங் மாகாணம் துயென் குவாங்கோடு சேர்ந்துவிட்டது. முன்பதிவில் அந்தப் பெயர் வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

கேள்வி: டிக்கெட் போட்டாகிவிட்டது. இப்போது லீவின் முதல் வாரம் ஆங்கில முகாமுக்கு வர வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?
— பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: முகாமுக்குப் போங்கள், டிக்கெட்டை மாற்றுங்கள். தாய்லாந்துப் பள்ளிகளில் லீவு மாணவர்களுக்குத்தான். ஆசிரியருக்கு எத்தனை நாள் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். இல்லையென்றால் தலைமையாசிரியரின் மனசில் இருக்கும். நண்பர்களை நிறுத்தி வைக்காதீர்கள். நீங்கள் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த முறை, தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட்.

கேள்வி: லாவோஸின் வாங் வியாங்கில் இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் மதுவை நண்பர்கள் மறுக்கவே மாட்டேன் என்கிறார்கள். நான் மட்டும் மறுத்தால் கட்டுப்பெட்டி என்கிறார்கள்.
— பாங்காக் வாசகர்

பதில்: 2024 நவம்பரில் அதே ஊரில் மெத்தனால் என்ற விஷம் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். எல்லோரும் உங்கள் நண்பர்களைப் போன்றவர்கள்தான், பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். மெத்தனாலுக்கு மணமோ சுவையோ தனியாகத் தெரியாது, அன்று ராத்திரி சாதாரண போதை மாதிரியே இருக்கும். மறுநாள் பார்வை மங்கினால், வயிறு பிசைந்தால், மூச்சு வாங்கினால் "ஹேங்ஓவர்" என்று படுக்க விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. குடித்தே தீர வேண்டும் என்பவர்கள் கண்ணெதிரே திறந்த பீர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளட்டும். கட்டுப்பெட்டி என்று பெயர் எடுப்பதால் ஒன்றும் குறைந்துபோகாது.

கேள்வி: கம்போடியாவின் சீம் ரீப்புக்குப் பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்கிறாள் தோழி. சரியா?
— சமுத் பிரகான் வாசகி

பதில்: அவள் பழைய பயணக் குறிப்பைப் படிக்கிறாள். 2025 ஜூனில் தாய்லாந்து–கம்போடியா எல்லைச் சாவடிகளை மூடினார்கள், ஜூலையில் சண்டையே நடந்தது. கிளம்பும் வாரத்துச் செய்தியைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பஸ்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த லீவுக்கு லாவோஸ் பக்கம் போய்விட்டு வாருங்களேன்.

கேள்வி: ஐந்து தோழிகள் லுவாங் பிரபாங்கில் நாலு நாள். எனக்கு எப்போதும் ஆட்கள் சூழ இருந்தால் மூச்சு முட்டும். வகுப்பில் நாள் முழுக்கப் பேசிவிட்டு லீவிலும் பேச வேண்டுமா என்று இருக்கிறது. ஒரு நாள் தனியாகச் சுற்றினால் தப்பாக நினைப்பார்களா?
— லம்பாங் வாசகி

பதில்: நீங்கள் திடீரென்று காணாமல் போனால் தப்பாக நினைப்பார்கள். முதல் நாளே "காலை எனக்கு, மாலை நமக்கு" என்று சொல்லிவிட்டால் யாரும் நினைக்க மாட்டார்கள். சொல்லப்போனால் ஐந்து பேரில் இன்னும் இரண்டு பேர் "எனக்கும்" என்பார்கள். ஆசிரியர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான். வகுப்புக்கு வெளியே வாயைத் திறக்கத் தெம்பிருக்காது.

அந்த ஊர் அதற்கு வாகான ஊர். மேகோங்கும் நாம் கான் ஆறும் சேரும் இடத்தில் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலத்தில் பழைய நகரம். யுனெஸ்கோ 1995-இலேயே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எங்கே நடந்தாலும் ஏதாவது ஓர் ஆற்றங்கரையில் போய் முட்டும், தொலைந்துபோக முடியாது. நடுவில் பூசி மலை, முந்நூற்றுச் சொச்சம் படிகள். சூரியன் மறையும் நேரம் அதன் உச்சியில் நிற்க இடம் இருக்காது. காலையில் ஏறினால் நீங்களும் கோயில் பூனையும் மட்டும்தான்.

தனியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விடியும் முன் பிட்சுக்கள் காவி உடையில் வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். முக்கியத் தெருவில் சுற்றுலாக் கூட்டம் செல்போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து பேராகப் போனால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி. தனியாக ஒரு சந்துக்குள் போய், எதிர்ப்பக்கம் தள்ளி நில்லுங்கள். தோள், முழங்கால் மூடிய உடை. ஃப்ளாஷ் கூடாது. தெருவில் விற்கும் சோற்றுக் கூடையை வாங்கி நீங்களும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அந்தத் தெருக்காரர்கள் அவர்கள் பாட்டுக்குப் பாயில் முட்டிபோட்டு ஒட்டுச் சோற்றை விரலால் உருட்டிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

குவாங் சீ அருவிக்கு மட்டும் எல்லோரோடும் போங்கள். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல. ஐந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் விழும், வழுக்குப் பாறையில் கை கொடுக்கவும் ஆள் வேண்டும்.

கேள்வி: அக்டோபரில் எந்த வாரம் கூட்டம் குறைவு?
— நோங் காய் வாசகர்

பதில்: நோங் காயில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! பௌத்தர்களின் மழைக்காலத் தவம் முடியும் பௌர்ணமி பெரும்பாலும் அக்டோபரில் வரும். அன்று மேகோங்கிலிருந்து நாகத் தீப்பந்துகள் என்று மக்கள் சொல்லும் ஒளிப்பந்துகள் எழும்புவதைப் பார்க்க உங்கள் மாகாணத்தில் எள் விழ இடம் இருக்காது. எதிர்க்கரையில் வியந்தியானில் படகுப் போட்டி, லுவாங் பிரபாங்கில் விளக்குத் திருவிழா. கொண்டாட்டம் வேண்டுமென்றால் அறையை முன்னமே பிடியுங்கள். வேண்டாமென்றால் அந்தப் பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்து, முன்னும் பின்னும் மூன்று நாள் தள்ளிப் போங்கள். ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்காதீர்கள். அப்போது தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றிலும் ஒரே சமயத்தில் புத்தாண்டு. வடக்கே வயலும் காடும் எரிகிற புகை வேறு, மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது.

கேள்வி: நான் சைவம். போகிற இடமெல்லாம் மீன் சாஸ். என்னால் எல்லோருக்கும் சாப்பாட்டுக் கடை தேடுகிற வேலை. சங்கடமாக இருக்கிறது.
— ராயோங் வாசகி

பதில்: கடை தேடுகிற வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், சங்கடம் போய்விடும். வழிகாட்டி ஆகிவிட்டால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். தாய்லாந்தில் சீனச் சைவத் திருவிழா பெரும்பாலும் அக்டோபரில் ஒன்பது நாள் நடக்கும். மஞ்சள் கொடி கட்டிய கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், வெங்காயம், பூண்டுகூட இருக்காது. வியட்நாமில் அமாவாசையை அடுத்தும் பௌர்ணமியிலும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள், அன்று கடைகள் கூடுதல். லாவோஸ்தான் கஷ்டம். அங்கே பப்பாளி சாலட்டில்கூடப் புளித்த மீன் சாறு இருக்கும். ஒட்டுச் சோறு, வாட்டிய காய்கறி, பழம், முட்டை சாப்பிடுவீர்களென்றால் ஆம்லெட், இவற்றை நம்பிப் போங்கள். மீன் சாறும் வேண்டாம் என்பதை லாவோ மொழியில் எழுதி வாங்கி போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீனை இறைச்சியில் சேர்க்க மாட்டார்கள்.

கேள்வி: நண்பர் எடுத்த படங்களை அவர் முகநூலில் போடுகிறார். கையில் பீரோடு நான். என் மாணவர்களின் அம்மாக்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள்.
— சுரின் வாசகர்

பதில்: அம்மாக்கள் இருக்கிறார்கள் என்பது மட்டுமல்ல, திங்கட்கிழமை காலைக்குள் அந்தப் படம் வகுப்பின் லைன் (நம் வாட்ஸ்ஆப் மாதிரி) குழுவிலும் இருக்கும். தாய்லாந்தில் ஆசிரியர் என்றால் கடைவீதியிலும் ஆசிரியர்தான், கைகூப்பிக் கும்பிடுகிறார்களே, அதற்கான விலை இது. நண்பரிடம் கோபித்துக்கொள்ளாமல், "என் முகம் இருக்கும் படம் லீவு முடியும் வரை குழுவுக்குள் மட்டும்" என்று கிளம்பும் முன்பே சொல்லுங்கள். இப்போது போட்டதை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறந்தால் இரண்டாவது முறையும் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் யாராவது உங்களை டேக் செய்தால் முதலில் உங்கள் அனுமதி கேட்கும்படி மாற்றும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. இன்றே அதைப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.